வெஸ்லி சாப்பல் ஏன் சர்ச் மாதிரியே இல்ல? சிட்டி ரோட் கட்டடத்த பத்தி கொஞ்சம் நீளமான பதில்

லண்டன் போனப்ப சிட்டி ரோட்ல இருக்க வெஸ்லி சாப்பலுக்குள்ள போய் பாத்தேன், மெதடிஸ்ட்காரங்களோட தாய்வீடுன்னு சொல்றாங்க, ஆனா உள்ள போனா சர்ச்சுன்னே தோணல, ஏதோ பழைய காலத்து சபா ஹால் மாதிரி இருக்கு, நடுவுல பிரசங்க பீடம் பெருசா நின்னுக்கிட்டு பின்னாடி இருக்க திருவிருந்து (அப்பமும் ரசமும் குடுக்குற சடங்கு) மேசையையே மறைக்குது, பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு, ஏன் இப்படி கட்டினாங்கன்னு கேட்டிருக்கீங்க. நல்ல கேள்வி. நீங்க பாத்தது சரி, அது ஹால் மாதிரி தான் இருக்கும், ஏன்னா மெதடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி மனசுல இருந்தது சர்ச் கிடையாது. அவரு அதுக்கு வச்ச பேரு பிரசங்க வீடு. இந்த ஒரு வார்த்தைய புடிச்சுக்கிட்டீங்கன்னா தூண், ஜன்னல், பெஞ்ச், கேலரி எல்லாத்துக்கும் காரணம் தானா விளங்கும்.

மொதல்ல ஒரு விஷயம். ஜான் வெஸ்லி சாகுற வரைக்கும் இங்கிலாந்து திருச்சபையோட குருவானவர் தான். தனி சபை ஆரம்பிக்கணும்னு அவரு கிளம்பல. ஞாயித்துக்கிழமை உங்க ஊரு பாரிஷ் சர்ச்சுக்கு போங்க, திருவிருந்து அங்க எடுங்க, மத்த நேரத்துல நம்ம சங்கத்துக்கு வாங்க, வசனம் கேளுங்க, பாடுங்க, ஒருத்தர ஒருத்தர் விசாரிச்சுக்கங்க, இது தான் அவரோட ஏற்பாடு. அப்ப சங்கம் கூடுறதுக்கு ஒரு எடம் வேணும், அவ்வளவு தான் தேவை. பலிபீடம் வேணாம், கோபுரம் வேணாம், மணி வேணாம். வேலைக்கு போற ஜனங்க விடியறதுக்கு முன்னாடியே காலைல 5 மணிக்கு வந்து பிரசங்கம் கேட்டுட்டு போவாங்க, அதனால நல்லா உக்காந்து நல்லா காதுல விழற மாதிரி ஒரு கூடம் இருந்தா போதும்.

அந்த மாதிரி கட்டினதுல மொத கட்டடம் பிரிஸ்டல்ல இருக்கு, நியூ ரூம்னு பேரு. பேரே பாருங்க, புது அறை, சர்ச்சுன்னோ சாப்பல்னோ கூட வைக்கல. 1739 மே மாசம் அஸ்திவாரம் போட்டாங்க, 1748ல பெருசாக்கினாங்க, உலகத்துலயே பழைய மெதடிஸ்ட் கட்டடம் அது தான், இன்னைக்கும் நிக்குது. கீழ கூடம், மேல பிரசங்கிமாருங்க தங்குற சின்னச் சின்ன ரூம்கள். கூரை நடுவுல எட்டுப் பட்டையா ஒரு கண்ணாடிக் கூண்டு வச்சு வெளிச்சத்த மேல இருந்து எறக்கியிருப்பாங்க, மாடி ரூம்ல இருந்து எட்டிப் பாத்தா கீழ பிரசங்கம் நடக்கறது தெரியற மாதிரி ஜன்னலும் உண்டு. வெள்ளைச் சுவரு, மரத் தூணு, ரெண்டு அடுக்கு பீடம், ஒரு கடிகாரம். வேற ஒண்ணும் கிடையாது. நீங்க லண்டன்ல பாத்ததுக்கு இது தான் மூத்த அண்ணன், முடிஞ்சா ஒரு தடவ போய் பாத்துட்டு வாங்க.

இந்த நியூ ரூம் கட்டும்போதே ஒரு பிரச்சனை வந்துச்சு, அத சொல்லாம சிட்டி ரோட் கட்டடத்த புரிஞ்சுக்க முடியாது. கட்டுறதுக்கு காசு வேணும்ல, அதனால வெஸ்லி சில பேர டிரஸ்டிகளா போட்டு அவங்க பேருல பத்திரம் எழுதினாரு. லண்டன்ல இருந்த அவரோட நண்பர்கள், முக்கியமா ஜார்ஜ் விட்ஃபீல்டு, இத கேள்விப்பட்டு, இப்படி எழுதிக் குடுத்தா நாளைக்கு உங்க பிரசங்கம் அவங்களுக்கு பிடிக்கலன்னா நீங்க கட்டின வீட்ட விட்டு உங்களையே வெளிய அனுப்பிருவாங்கன்னு கடிதம் எழுதினாரு. வெஸ்லி யோசிச்சுப் பாத்துட்டு அந்தப் பத்திரத்த ரத்து பண்ணி கடன் மொத்தத்தையும் தன் தலைல போட்டுக்கிட்டாரு. யாரு பீடத்துல ஏறணும்னு முடிவு பண்றது யாரு? பணம் குடுத்தவனா, வசனம் சொல்றவனா? மெதடிஸ்ட் கட்டடக் கலையோட ஆணிவேர் இந்தக் கேள்வில தான் இருக்குன்னு நான் உறுதியா நம்புறேன்.

பின்னாடி பிரசங்கிமாருங்க மாநாட்டு நடவடிக்கைகள்ல கட்டடத்துக்குன்னே சட்டம் எழுதி வச்சாங்க. பிரசங்க வீடுங்கள எளிமையாவும் அடக்கமாவும் கட்டணும், தவிர்க்கவே முடியாத செலவுக்கு மேல ஒரு காசு போகக்கூடாது, ஏன்னா காசு தேடி அலைய ஆரம்பிச்சா பணக்காரங்க நமக்கு அவசியமாயிடுவாங்க, அவசியமாயிட்டா அவங்கள அண்டி நிக்கணும், அண்டி நின்னா அவங்க நம்மள ஆளுவாங்க, அதோட மெதடிஸ்ட் ஒழுங்குக்கு முடிவு, உபதேசத்துக்கும் முடிவு வரலாம். இது அதோட சாரம். எத்தன தடவ படிச்சாலும் எனக்கு இது புதுசாவே இருக்கும். எளிமைன்னா அழகு பிடிக்காதவங்கன்னு அர்த்தம் இல்லங்க, காசு இல்லாதவங்கன்னும் இல்ல. அலங்காரம் ஏற ஏற அதிகாரம் கை மாறும்னு பயந்து, அந்த பயத்தால செங்கல் சுண்ணாம்புல வேலி போட்டாங்க.

அதே சட்டத்துல வெஸ்லி இன்னும் நுணுக்கமா போவாரு. எடம் இருந்தா எட்டுப் பட்டை வடிவத்துல கட்டுங்க, குரலுக்கு அது தான் நல்லது. கூரையோட உயரம் கட்டடத்தோட அகலத்துல மூணுல ஒரு பங்கு போதும். கதவும் ஜன்னலும் தாராளமா வைங்க, ஜன்னல் கண்ணாடி மேல இருந்து கீழ எறங்குற மாதிரி இருக்கணும் (அவ்வளவு பேரு நெருக்கி உக்காந்து மெழுகுவத்தியும் எரியும்போது சூடான காத்து மேல வழியா போகட்டும்னு தான் இருக்கும்னு நெனைக்கிறேன்). தொட்டி மாதிரி உருண்டையான பீடம் கூடாது, சதுரமா முன்னாடி நீட்டிக்கிட்டு பின்னால நீளமா ஒரு இருக்கை இருக்கணும். தனித்தனி தடுப்பு போட்ட பெஞ்ச் கூடாது, முதுகு சாயற பெஞ்சே கூடாது. நடுவுல நீளமா ஒரு கம்பித் தடுப்பு, ஒரு பக்கம் ஆம்பளைங்க, இன்னொரு பக்கம் பொம்பளைங்க. ஒரு மதத் தலைவரு இந்த அளவுக்கு கொத்தனாருக்கும் தச்சருக்கும் குறிப்பு எழுதினத வேற எங்கயும் நான் பாத்ததில்ல.

எட்டுப் பட்டை எங்க இருந்து வந்துச்சுன்னா, 1757ல வெஸ்லி நார்விச் போனப்ப அங்க பிரஸ்பிட்டேரியன்னு இன்னொரு சபைக்காரங்க அப்ப தான் கட்டி முடிச்ச ஆக்டகன் (எட்டுப் பட்டை) சாப்பல பாத்தாரு. ஐரோப்பாவுலயே நேர்த்தியான கூடம் இதுவா தான் இருக்கும்னு தன் நாட்குறிப்புல எழுதினாரு, கூடவே இவ்வளவு சொகுசான எடத்துல பழைய கரடுமுரடான சுவிசேஷம் எப்படி நுழையும்னும் எழுதி வச்சாரு. ஆனா வடிவம் மட்டும் மனசுல தங்கிடுச்சு. அதுக்கப்புறம் ராதரம், யார்ம், ஹெப்டன்ஸ்டால்னு எட்டுப் பட்டைல வரிசையா கட்டினாங்க. யார்ம்ல கட்டினது 1763-64, அந்தக் கட்டடத்த தான் மாதிரியா வச்சுக்கங்கன்னு சட்டத்துலயே பேரு சொல்லியிருப்பாரு. ஹெப்டன்ஸ்டால் மலை மேல இருக்க ஊரு, அந்தக் கட்டடத்தோட கூரைய ராதரம்ல செஞ்சு குதிரை முதுகுல ஏத்திக்கிட்டு போனாங்க. ரெண்டும் இன்னைக்கும் இருக்கு. அப்புறம் ஏன் எட்டுப் பட்டைய விட்டாங்கன்னு கேட்டா காரணம் சுலபம், கூட்டம் பெருகினா சதுரக் கட்டடத்த ஒரு பக்கம் இடிச்சு நீட்டிக்கலாம், எட்டுப் பட்டைய எந்தப் பக்கம் நீட்டுவீங்க? ஹெப்டன்ஸ்டால்ல 1802ல அதையும் செஞ்சு பாத்தாங்க, இன்னைக்கு அது நீட்டி இழுத்த எட்டுப் பட்டையா நிக்குது.

இப்ப லண்டனுக்கு வருவோம். சிட்டி ரோட் சாப்பலுக்கு முன்னாடி பக்கத்துலயே மூர்ஃபீல்ட்ஸ்ல ஃபவுண்டரின்னு ஒரு எடம் இருந்துச்சு, பேருக்கு ஏத்த மாதிரி அரசாங்கத்துக்கு பீரங்கி வார்த்த பட்டறை. 1716ல வார்க்கும்போது பெருசா வெடிச்சு ஆளுங்க செத்துட்டாங்க, அதுக்கப்புறம் பீரங்கி வேலைய உல்லிச்சுக்கு மாத்திட்டாங்க, பட்டறை இருபது வருஷத்துக்கு மேல இடிஞ்சு போய் கெடந்துச்சு. 1739 நவம்பர்ல வெஸ்லி அங்க பிரசங்கம் பண்ணாரு, அப்புறம் 115 பவுண்டுக்கு குத்தகைய வாங்கி, அதுக்கு மேல ரிப்பேருக்கு நெறைய செலவு பண்ணி சுமார் 1500 பேரு உக்கார்ற எடமா ஆக்கினாங்க. அங்கயே மருந்தகம், பள்ளிக்கூடம், ஏழைங்களுக்கு கைமாத்துக் கடன் குடுக்குற நிதி எல்லாம் நடந்துச்சு. அவரோட அம்மா சூசன்னா 1742ல அங்க தான் இறந்தாங்க, சாப்பலுக்கு எதிர்ல ரோட்டத் தாண்டினா பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறை, அதுல தான் அவங்கள புதைச்சாங்க. நீங்க அவ்வளவு தூரம் போயும் அங்க போகலன்னா அடுத்த தடவ கண்டிப்பா போங்க, ஜான் பனியன், டேனியல் டிஃபோ, வில்லியம் பிளேக் எல்லாரும் அதே மண்ணுல தான்.

குத்தகைக் காலம் முடியற நேரம் வந்துச்சு, அந்தப் பகுதியையே மாத்திக் கட்டப் போறாங்கன்னும் பேச்சு, அதனால லண்டன் மாநகராட்சிகிட்ட கொஞ்சம் தள்ளி சிட்டி ரோட்ல எடம் கேட்டாங்க. 1777 ஏப்ரல் 21ந் தேதி அஸ்திவாரக் கல். அன்னைக்கு நல்ல மழை. மழை எங்களுக்கு உதவி தான் பண்ணுச்சு, வரணும்னு இருந்த ஆயிரக்கணக்கான பேர வரவிடாம நிறுத்திடுச்சு, அப்படியும் கூட்டத்துக்குள்ள புகுந்து போறதே பெரும்பாடா இருந்துச்சுன்னு வெஸ்லி எழுதியிருக்காரு. கல்லு மேல ஒரு பித்தளைத் தகடு வச்சாங்க, அத இனி அநேகமா எந்த மனுஷக் கண்ணும் பாக்காது, பூமியும் அதுல இருக்க கிரியைகளும் எரிஞ்சு போற வரைக்கும் அங்கயே இருக்கும்னு நாட்குறிப்புல எழுதினாரு. அப்ப அவருக்கு 73 வயசு. அந்த வரிய படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

1778 நவம்பர் 1ந் தேதி தெறந்தாங்க. டிசைன் ஜார்ஜ் டான்ஸ், இளையவரு. அவரு தான் அப்ப லண்டன் மாநகரத்தோட கட்டட அதிகாரி, நியூகேட் சிறைய டிசைன் பண்ணதும் அவரே. கட்டினது சாமுவேல் டூத், இவரு வெளியாள் இல்ல, சங்கத்துலயே இருந்த ஆளு. தெறந்த அன்னைக்கு கட்டடத்த பத்தி வெஸ்லி எழுதினது ஒரே வரி தான், முழுக்க சுத்தமா நேர்த்தியா இருக்கு, ஆனா ஆடம்பரம் இல்ல. அவரு அதுக்கு மேல பாராட்ட மாட்டாரு, அவருக்கு அது தான் உச்சம்.

உங்க பீடம் கேள்விக்கு வரேன். பிரசங்க பீடத்த நடுவுல கொண்டு வந்து வைக்கிறது மெதடிஸ்ட்காரங்க கண்டுபிடிச்சது இல்ல. 1666ல லண்டன் எரிஞ்சதுக்கு அப்புறம் கிறிஸ்டோபர் ரென் அத்தன சர்ச்சுகள திரும்ப கட்டினாருல்ல, அவரு கணக்கு ஒண்ணு எழுதி வச்சிருக்காரு. சாதாரண குரல் இருக்க பிரசங்கியோட பேச்சு முன்னாடி 50 அடி, பக்கவாட்டுல 30 அடி, முதுகுக்குப் பின்னாடி 20 அடி வரைக்கும் தான் தெளிவா கேக்கும், கத்தோலிக்கங்களுக்கு பூசையோட முணுமுணுப்பு கேட்டு அப்பம் தூக்கறத பாத்தா போதும், நம்ம கோயில்ல உக்காந்திருக்கவங்க எல்லாருக்கும் காது கேக்கணும், கண்ணும் தெரியணும்னாரு. வெஸ்லி சாப்பல் அந்த வழில வந்த பிள்ளை. நீளமான கல் கோயில்ல பேசினா சத்தம் கல்லுல பட்டு பட்டு பல செகண்டுக்கு நிக்கும், பாட்டுக்கு அது சொர்க்கம், பேச்சுக்கு ஒரு வார்த்த மேல இன்னொரு வார்த்த ஏறி எல்லாம் கொழம்பிடும். இங்க பாருங்க, கூடம் குட்டையா அகலமா இருக்கும், கூரை தட்டையா இருக்கும், மூணு பக்கம் மரத்துல கேலரி. கேலரி வச்சதால கடைசி ஆளு தூரத்துல போய் உக்காராம மேல ஏறி கிட்டயே உக்காந்துக்குவாரு, பக்கத்து மரத்துல பட்டுத் திரும்புற சத்தமும் நேரா வர்ற சத்தத்தோட கிட்டத்தட்ட ஒரே நேரத்துல காதுக்கு வந்து அதுக்கு பலம் குடுக்கும். மைக் இல்லாத காலத்துல இது தான் மைக்.

நீங்க பாத்த பீடம் உயரம் கொறைச்சது. வெஸ்லி காலத்துல அது மூணு அடுக்கு, ஏறக்குறைய 15 அடி உயரம். கீழ் அடுக்குல பாட்டு எடுத்துக் குடுக்கிறவரு, நடுவுல வேதம் வாசிக்கிறவரு, உச்சில பிரசங்கி. ஏன் அவ்வளவு உயரம்னா கேலரில உக்காந்திருக்கவங்க கண்ணுக்கு நேரா பிரசங்கி மூஞ்சி தெரியணும், கீழ இருக்கவங்களுக்கும் தெரியணும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு உயரம் புடிச்சாங்க. அந்த ஏணி மாதிரி பீடத்துல 80 வயசு தாண்டியும் அவரு ஏறினாரு.

அதுக்குப் பின்னாடி அரைவட்டமா உள்வாங்கின எடத்துல திருவிருந்து மேசை இருக்கறது தான் உங்களுக்கு உறுத்தியிருக்கு. உண்மையில இந்தக் கட்டடத்துலயே ஆச்சரியமான விஷயம் அந்த மேசை அங்க இருக்கறது தான். பிரசங்க வீட்டுக்கு மேசை தேவையே இல்ல, திருவிருந்துக்கு பாரிஷ் சர்ச்சுக்கு போகணும்னு தான் ஏற்பாடுன்னு மொதல்லயே சொன்னேன். ஆனா லண்டன்ல கூட்டம் பெருகிடுச்சு, மெதடிஸ்ட்னாலே மொகத்த திருப்பிக்கிற பாரிஷ் குருமாருங்களும் இருந்தாங்க, வெஸ்லி தானே குருப்பட்டம் வாங்கினவரு, அவரு குடுத்தா குத்தம் இல்ல. அதனால இந்தக் கூடத்த ஆரம்பத்துலயே பிரசங்கம், திருவிருந்து ரெண்டுக்கும் சேத்து கட்டினாங்க. பீடத்த தாண்டி ரெண்டு பக்கமும் சுத்தி உள்ள போனா தனியா ஒரு சின்ன கோயிலுக்குள்ள போன மாதிரி இருக்கும், வசனம் கேட்ட ஜனம் அங்க போய் முழங்கால்ல நின்னு வாங்கிட்டு வரும். மறைக்குதுன்னு நீங்க சொன்னத நான் மாத்தி சொல்வேன், அந்தப் பீடம் வாசல் மாதிரி முன்னாடி நிக்குது, வசனத்த கேட்டுட்டு தான் மேசைக்கு போகணும்னு. அதே சமயம் நாங்க பிரிஞ்சு போகலன்னு சொல்லிக்கிட்டே பிரிஞ்சு போயிட்டிருந்த ஒரு ஜனத்தோட தயக்கத்தையும் அந்த எடத்துல நான் பாக்குறேன். 1784ல பிரிஸ்டல்ல அமெரிக்காவுக்கு அனுப்புற பிரசங்கிமாருங்களுக்கு வெஸ்லி தானே கை வச்சு அபிஷேகம் பண்ணாரு, 1787ல கூடங்கள எல்லாம் சட்டப்படி லைசென்ஸ் எடுக்கவும் ஒத்துக்கிட்டாரு, ஆனா சபைய விட்டுப் பிரிஞ்சவங்கன்னு எழுதக்கூடாது, சுவிசேஷப் பிரசங்கிகள்னு எழுதணும்னாரு.

அவரு தம்பி சார்ல்ஸ், ஆயிரக்கணக்குல பாட்டு எழுதினவரு, இதையெல்லாம் ஏத்துக்கவே இல்ல. 1788ல அவரு இறந்தப்ப சிட்டி ரோட்ல புதைக்க வேணாம், அது முறைப்படி பிரதிஷ்டை பண்ணாத மண்ணுன்னு சொல்லிட்டு மேரிலபோன் பாரிஷ் சர்ச் கல்லறைக்கு போயிட்டாரு, எட்டு இங்கிலாந்து திருச்சபை குருமாருங்க தூக்கிட்டு போனாங்க. அண்ணன் 1791 மார்ச் 2ந் தேதி சாப்பலுக்கு பக்கத்து வீட்டுல, 87 வயசுல இறந்தாரு. கூட்டம் கட்டுக்கடங்காதுன்னு மார்ச் 9ந் தேதி விடியறதுக்கு முன்னாடியே விளக்கு வெளிச்சத்துல சாப்பலுக்குப் பின்னாடி புதைச்சாங்க. சவ வண்டி வேணாம், பகட்டு வேணாம், ஆறு ஏழைங்க தூக்கிட்டு போகட்டும், ஆளுக்கு ஒரு பவுண்டு குடுங்கன்னு உயில்ல எழுதியிருந்தாரு. துக்கத்துக்காக சாப்பல் உள்ள கட்டின கறுப்புத் துணிய பின்னாடி ஏழைப் பெண்களுக்கு உடுப்பு தைக்க குடுத்துட்டாங்க. கூடப் பிறந்த ரெண்டு பேரு, ஒரே ஊரு, ரெண்டு கல்லறை.

தூண்களுக்கு வரேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. கேலரிய தாங்குறதுக்கு ஆரம்பத்துல நின்னது கப்பல் பாய்மரக் கம்பங்க. ராஜா மூணாம் ஜார்ஜ் டெப்ட்ஃபோர்டு கப்பல் பட்டறைல இருந்து குடுத்தது. அதுக்கு மேல ஒரு பூச்சு பூசி நிறுத்தினாங்க. கடல்ல காத்தப் புடிக்க வேண்டிய மரம் இங்க வந்து பாட்டுப் பாடுற ஏழைங்கள தாங்கிட்டு நின்னுச்சு. 1891ல, வெஸ்லி இறந்து நூறு வருஷம் ஆனதுக்கு பெருசா புதுப்பிச்சாங்க, அப்ப வெளிநாட்டு மெதடிஸ்ட் சபைங்க குடுத்த காணிக்கைல பிரான்ஸ் ஜாஸ்பர் கல்லுல தூண் செஞ்சு வச்சாங்க, நீங்க பாத்த பளபளப்பான தூண்கள் அது தான். பழைய கம்பங்கள்ல சிலத வாசல் மண்டபத்துல வச்சிருக்காங்க, அவசரத்துல உள்ள போறவங்க கவனிக்காம தாண்டிப் போயிடுவாங்க. கல் தூண் அழகு தான், உலகம் பூரா இருந்து அன்பா குடுத்தது, குறை சொல்ல மனசு வரல, ஆனா அந்த மரத் தூணே இருந்திருக்கலாம்னு தான் எனக்குத் தோணும்.

பெஞ்சு விஷயத்துலயும் வெஸ்லி இருக்கும்போதே அவரு கையவிட்டு போக ஆரம்பிச்சிடுச்சு. 1787 டிசம்பர்ல லண்டன் கமிட்டி, குடும்பம் குடும்பமா சேந்து உக்காரட்டும், வாடகை கட்டினவங்களுக்கு அந்த எடம் சொந்தம்னு ஒரு யோசனை கொண்டு வந்தாங்க. அம்பது வருஷமா நான் கட்டினத ஒரே அடில இடிக்கிறீங்களேன்னு அவரு துடிச்சுப் போயிட்டாரு, பேசிப் பேசி தான் அவங்கள வழிக்கு கொண்டு வந்தாரு. அவரு போனதுக்கு அப்புறம் அந்தத் தடுப்பும் போச்சு. கலர் கண்ணாடி ஜன்னல், சுவத்துல நினைவுச் சின்னம், வாசல் முன்னாடி தூண் வச்ச முகப்பு எல்லாமே பிற்காலம். கூரைல இருக்க மெல்லிசான சுண்ணாம்பு வேலைப்பாடு 1879ல தீப்பிடிச்சப்ப போச்சு, அதே மாதிரியே திரும்ப செஞ்சு வச்சாங்க. கேலரியோட முகப்புல சுத்தி ஒரு சின்ன அலங்காரம் வரிசையா இருக்கும், புறாவ சுத்தி ஒரு பாம்பு வாலை கவ்விக்கிட்டு, சர்ப்பத்தப் போல விவேகமும் புறாவப் போல கபடமில்லாமையும்னு இயேசு சொன்ன வசனம். அத பாத்தீங்களா?

1972ல கட்டடம் ஆபத்தான நிலைன்னு மூடிட்டாங்க. உலகம் பூரா காசு சேத்து சரி பண்ணி, சரியா 200 வருஷம் கழிச்சு 1978 நவம்பர் 1ந் தேதி எலிசபெத் ராணி முன்னிலைல திரும்ப தெறந்தாங்க. இன்னைக்கு அது முதல் தர பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கு, கீழ்த்தளத்துல மெதடிஸ்ட் மியூசியம், பக்கத்துல 1779ல கட்டின வெஸ்லி வீடு. அந்த வீட்டுல படுக்கை ரூமோட ஒட்டி ஒரு குட்டி ஜெப அறை இருக்கு, ரெண்டு பேரு நின்னா நிறைஞ்சிடும், அவரு மின்சாரம் வச்சு வைத்தியம் பாத்த கருவியும் அங்க இருக்கு.

இந்த எடத்துக்கும் நமக்கும் என்ன தொடர்புன்னு கேப்பீங்க. வெஸ்லிக்கு வலது கையா இருந்த தாமஸ் கோக், இலங்கைக்கு மிஷனரிங்கள கூட்டிக்கிட்டு கப்பல் ஏறி 1814 மே 3ந் தேதி இந்தியப் பெருங்கடல்லயே இறந்துட்டாரு, கடல்லயே அடக்கம். தலைவரு இல்லாம மிச்சப் பேரு இலங்கைல காலி துறைமுகத்துல எறங்கினாங்க, அதுல ஜேம்ஸ் லிஞ்சும் தாமஸ் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணத்துக்கு வந்தாங்க. கொழும்பு பேட்டைல 1816ல கட்டின சர்ச் தான் ஆசியாவுலயே பழைய மெதடிஸ்ட் சர்ச்சுன்னு சொல்லுவாங்க.

பழைய மெதடிஸ்ட் சர்ச்சுன்னு சில ஊர்ல கூர்மையான வளைவு, ஊசிக் கோபுரம் வச்சு கட்டினதும் பாத்திருப்பீங்க, அப்ப நான் சொன்னதெல்லாம் பொய்யான்னு தோணலாம். 19ம் நூற்றாண்டு நடுவுல இங்கிலாந்து முழுக்க கோதிக்ங்கிற இந்த கூர் வளைவுப் பாணி மேல மோகம், மெதடிஸ்ட்லயே எஃப். ஜே. ஜாப்சன்னு ஒரு பிரசங்கி 1850ல புத்தகமே எழுதினாரு, சாப்பல்னா தியேட்டர் மாதிரியோ கிடங்கு மாதிரியோ இருக்கக்கூடாது, கோதிக் தான் கிறிஸ்தவக் கட்டடம்னு. சபைல வசதி வந்துச்சு, ஊர்ல மதிப்பு வேணும்னு தோணுச்சு, கோபுரம் எழும்புச்சு. ஆனா அதுலயும் பல எடத்துல உள்ள போய் பாத்தா கேலரியும் நடுவுல பீடமும் அப்படியே இருக்கும், வெளிய உடுப்ப தான் மாத்தினாங்க.

அடுத்த தடவ போனா சிட்டி ரோட்டோட நிறுத்தாம வெஸ்ட்மின்ஸ்டர் சென்ட்ரல் ஹாலுக்கும் போங்க. 1912ல தெறந்தது, பெரிய டோம் வச்சு பகட்டான கட்டடம், 1946 ஜனவரில ஐக்கிய நாடுகள் சபையோட மொத பொதுக்கூட்டமே அங்க தான் நடந்துச்சு. வெளிய பாத்தா வெஸ்லி சொன்னதுக்கு நேர் எதிர். ஆனா அதுக்கான காச எப்படி சேத்தாங்கன்னு பாருங்க. 1898ல ஆரம்பிச்ச பத்து லட்சம் கினி நிதி, பத்து லட்சம் பேரு, ஆளுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், பணக்காரன் பேருலயும் ஒரு கினிக்கு மேல எழுத மாட்டாங்க. குடுத்தவங்க பேரெல்லாம் அவங்கவங்க கையெழுத்தோட 50 தொகுதியா அங்க வச்சிருக்காங்க, வேலைக்காரப் பொண்ணு பேரும் முதலாளி பேரும் ஒரே பக்கத்துல, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருக்கும்.